ரசலையன் தலை கறுத்த கதை

கருமணல் அள்ளுகிறவனுக்குத் தலை மட்டும் எப்படி வெளுத்தது என்று மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் ரசலையனைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். பதில் வராது. ரசலையனிடமிருந்து பதில் வாங்குவது பொதுவாகவே லேசுப்பட்ட காரியமில்லை. வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டிருப்பவன் மாதிரி இருப்பான். நல்ல மனிதன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் பேசாமல் இருந்தே மற்றவர்களைப் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதைக் கூட இருந்து பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தகப்பன் பனையிலிருந்து விழுந்து செத்தபோது ரசலையனுக்கு மீசை அரும்பியிருந்தது, அவ்வளவுதான். கீழே இரண்டு தங்கைகள். பெரியவள் நேசபாய். சின்னவள் கிரேசி அப்போது இடுப்புக் குழந்தை. அம்மைக்கு இழுப்பு நோய். அன்றைக்குப் பிடித்த மண்வெட்டியை அவன் கீழே வைக்கவே இல்லை. முதலில் ரோட்டு வேலை, பிறகு ஓட்டுச் சூளை, கடைசியில் மணல் கம்பெனி. கடற்கரைக் கருமணலை வாரிச் சுமந்து களத்தில் பரப்பிக் காயவைத்து மறுபடியும் வாரிச் சுமக்கிற வேலை. பல்லில் மணல், காதில் மணல், சோற்றில் மணல். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் போதும் என்றிருக்கும். அப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இதற்கிடையில் நேசபாயைச் செல்வதாஸ் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தான். செல்வதாஸ் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று சிலோனுக்குப் போனான். கொஞ்ச காலம் தகவல் வந்தது. பிறகு அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்கிற தகவல் வந்தது. அதற்குப் பிறகு தகவலே வரவில்லை. சுதந்திரம் கிடைத்ததற்கு மறு வருஷம் நேசபாய் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் மாமியார் வீட்டிலிருந்து வந்து முற்றத்தில் நின்றாள். ரசலையன் பெட்டியை வாங்கி உள்ளறையில் வைத்தான். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டை ஒட்டியிருந்த ஓலைச் சாய்ப்புக்கு வந்துவிட்டான். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. வாசலில் நின்ற ஒருத்திக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று அவன் யோசித்ததும் இல்லை.

கிரேசியை நாகர்கோவிலில் ஒரு கம்பவுண்டருக்குக் கட்டிக்கொடுத்தான். முப்பது தாண்டியதும் காதோரம் வெளுத்திருந்தது. கிரேசியின் கல்யாணத்துக்குள் முன்னுச்சி வெளுத்தது. அம்மையை அடக்கம் பண்ணிவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தபோது வெளுக்க மிச்சம் ஒன்றுமில்லை.

அண்ணனுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தே தீருவது என்று கிளம்பியவள் கிரேசிதான். அவளுக்கு வாயும் உண்டு, காலில் சக்கரமும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வந்து உட்கார்ந்து, “எங்களையெல்லாம் கரையேத்திப் போட்டு நீ இந்தச் சாய்ப்புலயே கெடந்து சாவணுமா அண்ணா?” என்று கேட்டு அழுதாள். இனி எதற்கு என்று ரசலையன் முணுமுணுத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதுவே சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

போன இடங்களில் ஒன்றும் அமையவில்லை. ஒரு வீட்டில் பெண்ணின் சித்தப்பன், மாப்பிள்ளையின் அப்பா வந்துவிட்டார், மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டான். வேண்டுமென்று கேட்டானோ தெரியாமல் கேட்டானோ, கேட்டுவிட்டான். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் கிரேசி அந்தச் சித்தப்பனின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டு வந்தாள். ரசலையனுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் கிரேசிக்கு மருதாணி ஞாபகம் வந்தது. கையைச் சிவக்க வைக்கிற இலை தலையை ஏதாவது செய்யாமலா இருக்கும் என்று அரைத்து அப்பிவிட்டாள். செய்தது. மறுநாள் ரசலையன் கம்பெனிக்குப் போனபோது தலை செக்கச்செவேல் என்று இருந்தது. தோழர்கள் செம்போத்து என்று பேர் வைத்தார்கள். அந்தப் பறவை மாதிரி கூவவும் செய்தார்கள். உடம்பெல்லாம் கருமணலும் உச்சியில் நெருப்பும் வைத்துக்கொண்டு அவன் அன்றைக்கும் வழக்கம்போலச் சுமந்தான். சாயங்காலம் அம்பட்டனிடம் போய் மொட்டையடித்துக்கொண்டான்.

விட்டாளா கிரேசி? விடவில்லை. இடலாக்குடியில் அவளுக்குத் தெரிந்த ஒரு உம்மா இருந்தாள். அவளிடம் கேட்டு வந்துவிட்டாள். மருதாணி மட்டும் என்றால் சிவப்புத்தான். அந்தச் சிவப்பின் மேல், நீலச் சாயம் எடுக்கிற அவுரி இலையை அரைத்துப் போட்டால்தான் கறுப்பு. முதலில் மருதாணி விழுதை இரும்புச் சட்டியில் தேயிலைச் சாயம் ஊற்றி ஊறவைத்து, தலையில் பூசி, வாழையிலையால் கட்டி, அரை நாள் இருக்க வேண்டும். அதைக் கழுவிவிட்டு நிழலில் வாட்டிய அவுரியை அரைத்துப் பூச வேண்டும். அதையும் கழுவினால் தலை பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருக்கும். பயப்பட வேண்டாம், விடிவதற்குள் கறுத்துவிடும். இப்படி அவள் ஒப்பித்ததை நேசபாய் கேட்டுக்கொண்டாள். ஏனென்றால் அரைக்கப்போகிறவள் நேசபாய்தான். கிரேசி பஸ் ஏறிப் போய்விடுவாள்.

மொட்டை வளர்ந்து முதல் தடவை கறுத்தபோது ரசலையனே கண்ணாடியில் தன்னை அடையாளம் தெரியாமல் பார்த்தான். பத்து வயது குறைந்திருந்தது. நேசபாயின் பிள்ளைகள் இரண்டும் மாமாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தன. ஆனால் கறுப்பு நிற்க வேண்டுமே. பத்து நாளில் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்க்கும். மறுபடியும் சட்டி, மறுபடியும் அம்மி. வாரம் பூரா மணல் சுமந்தவன் சனிக்கிழமையாவது சாய வேண்டாமா? தலையில் ஈர விழுதும் கழுத்தில் வடிகிற சாறுமாகக் குந்தியிருப்பான். நீர்க்கோவை பிடித்து மூக்கடைக்கும். நேசபாயின் விரல் நகம் பத்தும் எப்போதும் நீலமாகவே இருந்தது. அண்ணனும் தங்கையும் இந்தச் சனிக்கிழமைகளில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். குனி, நிமிரு, கண்ணை மூடிக்கோ. அவ்வளவுதான் பேச்சு.

தலை கறுத்ததும் கிரேசி அவன் வயதிலும் கை வைத்தாள். நாற்பத்திரண்டு என்று சொன்னால் எவள் வருவாள், முப்பத்துநாலு என்று சொல்லிவிடலாம் என்றாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நேசபாய்க்கு முப்பத்தேழு. மூத்த பிள்ளை தாவணி போடுகிற வயதில் நிற்கிறது. அவளை முப்பத்துநாலுக்குக் கீழே இறக்க எந்த இலையாலும் முடியாது. கிரேசி யோசித்துப் பார்த்து, அக்காள் இனி அக்காளாகவே இருக்கட்டும் என்று தீர்த்துவிட்டாள். அதாவது பெண்வீட்டார் முன்னால் நேசபாய் ரசலையனுக்கு அக்காள். அவனைத் தம்பி என்று கூப்பிட வேண்டும்.

பிறந்து நாக்குப் புரண்ட நாளிலிருந்து அண்ணா அண்ணா என்று கூப்பிட்டவள். அடுப்படியில் நின்று தம்பி, தம்பி என்று சொல்லிப் பழகினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவளும் சிரித்தாள். சாய்ப்பில் படுத்திருந்த ரசலையன் அதைக் கேட்டான். எழுந்து போய், இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

ராகேலை அவன் பார்த்தது இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் டைட்டஸ் வீட்டில். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். முப்பத்திரண்டு வயது. தாயும் தகப்பனும் நோயில் கிடந்து போகும்வரை அவள்தான் பார்த்தாள், அதில் வயது போய்விட்டது என்று டைட்டஸ் ஒளிக்காமல் சொன்னான். அதற்குப் பதிலாகத்தான் கிரேசி முப்பத்துநாலு என்றாள். நேசபாய் சரியான இடத்தில் தம்பி என்றாள். ரசலையன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற நேரத்தில் ராகேல் கதவோரம் வந்து நின்று அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “கம்பெனியில இருந்து வீட்டுக்கு எத்தன மணிக்கு வருவிய?”

ஆறு ஆகும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. அவன் எத்தனை மணிக்கு வருவான் என்று இதுநாள் வரை ஒருவரும் கேட்டதில்லை. வருவான், அவ்வளவுதான். மாடு வருவதைப் போல. அன்றைக்கு நடந்து வரும்போது அந்தக் கேள்வியை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். இந்தப் பெண் வேண்டும் என்று இருந்தது. மண்வெட்டி பிடித்த நாளிலிருந்து தனக்கென்று ஒன்றை அவன் வேண்டியதில்லை. நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு ஆசை வந்தபோது பயமாகக்கூட இருந்தது.

பயத்தோடு பயமாக ஒரு நல்ல காரியமும் செய்தான். பேச்சு முடிக்க டைட்டஸ் வந்தபோது அவனைத் தென்னைமூட்டுக்குத் தனியாகக் கூட்டிப்போய், தன்னோடு பிறந்தவளும் அவள் பிள்ளைகளும் எப்போதும் தன்னோடுதான் இருப்பார்கள், அதற்குச் சம்மதம் என்றால் மேற்கொண்டு பேசலாம் என்றான். அவன் ஆயுளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். டைட்டஸ் போய்க் கேட்டு வந்தான். ராகேல் யோசிக்கக்கூட இல்லையாம், சரி என்றுவிட்டாளாம். ரசலையனுக்கு மனசு குளிர்ந்துபோனது. இதைப் பெண்வீட்டாரிடம் சொன்ன மகராசன், தன் வீட்டு அடுப்படியில் நின்ற நேசபாயிடம் சொன்னானா? சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு போதகர் சபைக்கு அறிவிப்பார். மூன்றாம் ஓலை முடிந்தால்தான் கல்யாணம். சபையில் எல்லோருக்கும் ரசலையனின் வயதும் தெரியும், தலையும் தெரியும். முதல் ஓலையன்று அவனுடைய கறுத்த தலையைப் பார்த்துப் பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு எழுந்தது. ஆனால் யாரும் பெண்ணூருக்குத் தகவல் கொண்டுபோகவில்லை. ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் எவனுக்கு வேண்டும்? தவிரவும் இந்த மனிதனுக்கு இப்போதாவது ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதான் ஊரே நினைத்தது.

வீட்டில் நேசபாய் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே வந்தாள். இரண்டாம் ஓலை வாசித்த வாரம் அவள் தன் தகரப் பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள். பூச்சி இருந்தது என்றாள். ரசலையன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். இன்னொரு நாள், மாமியார் வீட்டில் இன்னும் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறதாம் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். அப்படியா என்றான். கேட்க வேண்டிய கேள்வி கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தது. இந்த மனிதனுக்கு ராகேல் தன்னிடம் கேட்ட கேள்விதான் காதில் நிறைந்திருந்தது.

மூன்றாம் ஓலைக்கு ராகேலும் வருவதாக ஏற்பாடு. இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி ஆராதனைக்குப் பிறகு கொஞ்சம் புத்தி சொல்ல வேண்டும் என்று போதகர் சொல்லி அனுப்பியிருந்தார். டைட்டஸ் கூட்டி வருவான். அதற்காகச் சனிக்கிழமை காலையிலேயே ரசலையன் கிராப்பு வெட்டிக்கொண்டான். கறுத்திருந்த நுனியெல்லாம் போய் அடிவெள்ளை முழுசாக வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை, இன்றைக்குப் பூசினால் கல்யாணம் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டான். மத்தியானம் வரை மருதாணி இருந்தது. பிறகு நேசபாய் இரண்டாவது விழுதை அரைத்து எடுத்து வந்து பூசினாள். வழக்கத்தைவிட நிதானமாகப் பூசினாள். கழுவிய பிறகு கண்ணாடியைப் பார்த்தான். தலை பச்சையாகத் தெரிந்தது. அசதியில் அப்படியே படுத்துவிட்டான். விடிவதற்குள் கறுத்துவிடும் அல்லவா?

கறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கப் போனவன் வாளித் தண்ணீரில் குனிந்து பார்த்தான். செம்போத்து திரும்பி வந்திருந்தது. உச்சி, நெற்றி, காதோரம் எல்லாம் ஒரே சிவப்பு. பச்சை என்று நினைத்தது ஒட்டியிருந்த வெறும் இலைச்சாறு. தலையணையில் போய்விட்டது.

அம்மிக்குப் பக்கத்தில், அரிசி புடைக்கிற சுளவில் அரைத்ததுபோக மிஞ்சிய இலை கொஞ்சம் கிடந்தது. ரசலையன் குந்தியிருந்து ஒரு இலையை எடுத்தான். பார்வைக்கு அவுரி மாதிரியே இருந்தது. நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தான். கவட்டை போல இரண்டு கொம்பாகப் பிய்ந்தது. அவுரி அப்படிப் பிய்யாது. அப்படிப் பிய்வது கொழிஞ்சி, வயலில் தழையாக வெட்டிப் போட்டு மிதிக்கிற செடி. ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள்கூட அந்த இலையைப் பிய்த்து விளையாடும். ஊருக்குப் புதியவர்கள் வேண்டுமானால் அவுரியையும் கொழிஞ்சியையும் மாற்றிப் பறிப்பார்கள். நேசபாய் பத்து வயதிலிருந்து முழங்கால் சேற்றில் நின்று கொழிஞ்சி மிதித்தவள்.

நிமிர்ந்து பார்த்தான். அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் கையிலிருந்த இலையைப் பார்த்தாள். பிய்ந்த கொம்பைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சத்தம் போட்டிருந்தால், ஏன் செய்தாய் என்று ஒரு அறை கொடுத்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவன் இலையைச் சுளவிலேயே போட்டான்.

“நேரமாச்சு. பிள்ளையளப் பெறப்படச் சொல்லு” என்றான்.

போகாமல் இருக்க முடியாது. தன் ஓலை வாசிக்கும்போது ஆள் இல்லை என்றால் அதற்கு ஆயிரம் அர்த்தம் வரும். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போகவும் முடியாது. கோயிலுக்குள் பெண்கள் முக்காடு போட வேண்டும், ஆண்கள் தலையைத் திறந்து வைக்க வேண்டும். அது பவுல் அப்போஸ்தலன் காலத்துச் சட்டம். ரசலையன் வாசல் வரை துண்டைக் கட்டிக்கொண்டு போனான். வாசலில் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தான். பிள்ளைகள் வரிசையில் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பாவம் என்பது போலக் குனிந்துகொண்டார்கள். அதற்குச் சிரித்தே இருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ராகேல் வெள்ளை முக்காட்டோடு இருந்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. யோசிக்கிறவள் போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போதகர் ஓலையை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். தானே எழுந்து நின்று சொல்லிவிடலாமா என்று ரசலையனுக்கு ஒரு கணம் தோன்றியது. முழங்கால் வரை அந்த நினைப்பு வந்தது. போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்து புன்னைமர நிழலில் ஆண்கள் கூடி நின்றார்கள். டைட்டஸ் ராகேலைக் கூட்டிக்கொண்டு ரசலையனை நோக்கி வந்தான். அவன் கண் தலையிலேயே இருந்தது. மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டான். ரசலையன் வாயைத் திறப்பதற்குள் நாலைந்து வாண்டுகள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று செம்போத்து மாதிரி கூவின. வெயில் நேராக அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

நேசபாய்க்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பெண்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அவன் தோளிலிருந்த துண்டை இழுத்து அவன் தலையில் போட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, தலைய மூடு. மூடிக்கோ அண்ணா” என்றாள்.

டைட்டஸுக்குச் சட்டென்று விளங்கவில்லை. ராகேலுக்கு விளங்கிவிட்டது. அவள் நேசபாயைப் பார்த்தாள், பக்கத்தில் தோள் உயரத்துக்கு நின்ற நேசபாயின் மகளைப் பார்த்தாள், பிறகு ரசலையனைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எத்தன வயசு?”

“நாப்பத்திரெண்டு.”

“அன்னைக்கு முப்பத்திநாலுன்னு சொன்னாவ.”

“ஆமா.”

“சொல்லும்போ நீங்களும் அங்கதான இருந்திய?”

“இருந்தேன்” என்றான் ரசலையன்.

அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று அவள் நின்றாள். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது பேசிப் பிரயோஜனமில்லை. அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆறு மணிக்கு வருவேன் என்று சொன்னது பொய்யில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவன் நின்றான். ராகேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தாள்.

டைட்டஸ்தான் பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஓய், உமக்கு வயசு கூடினா அவளுக்கு ஒண்ணுமில்ல. நரச்சாலும் ஒண்ணுமில்ல. கூடப் பொறந்தவளும் ரெண்டு பிள்ளையளும் காலத்துக்கும் எனக்க கூடத்தான் இருப்பாவன்னு நீரு கேட்டீரே, அதுக்கே ஒரு நிமிஷம் யோசிக்காம சரின்னு சொன்னவ அவ. அவகிட்டப் போயி இத மறைச்சுட்டீரே.”

சொல்லிவிட்டுத் தங்கைக்குப் பின்னால் போனான். நேசபாயின் கை ரசலையனின் தலையிலிருந்து மெல்லக் கீழே வந்தது. துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

பிள்ளைகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வயல்வரப்பு வழியாக நடந்தார்கள். ரசலையன் கால் நோகிறவன் மாதிரி நடந்தான். கல்யாணம் போய்விட்டது என்பது அவனுக்கு இன்னும் முழுசாக உறைக்கவில்லை. நாளைக்குக் கம்பெனியில் மணல் முன்னால் நிற்கும்போது உறைக்கும். இப்போதைக்கு உடம்பு முழுக்க அசதி மட்டும் இருந்தது.

நேசபாய் வாய்க்கால் கரையில் நின்றுவிட்டாள்.

“கொழிஞ்சியத் தெரிஞ்சேதான் அரச்சேன்” என்றாள். “அவ வந்தா நானும் பிள்ளையளும் எங்க போவோம்னு பயந்துட்டேன். ஏழு வருசமா ஒரு நாளாவது நீ இரின்னு சொன்னியா? சாய்ப்புல போய்ப் படுத்தா அது எனக்கு எடம் தந்ததா, எனக்க மூஞ்சில முழிக்கப் பிடிக்காமலான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவியகிட்டச் சொன்னத எங்கிட்ட ஒரு வார்த்த ஏன் அண்ணா சொல்லல்ல?”

ரசலையன் அவளைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே அந்தக் கேள்வி புரியவில்லை. யோசித்தான். யோசித்துத் தேடித்தான் பதில் சொன்னான்.

“நீ போவியோன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல, மக்கா. பின்ன என்னத்தச் சொல்ல?”

நேசபாய் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நீல நகம் பத்தையும் முகத்தில் பதித்துக்கொண்டு அழுதாள். அவன் வெயிலில் திறந்த தலையோடு பக்கத்தில் நின்றான். அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அதுவரை நின்றுகொண்டே இருந்தான்.